மோதினால் அழிவா?

"இரண்டு கேலக்ஸிகள் மோதுகின்றன" என்று ஒரு செய்தி வந்தால் போதும், உடனே "விண்வெளியில் பேரழிவு!" என்று தலைப்பு போட்டுவிடுகிறார்கள். படிப்பவரும் இரண்டு லாரிகள் நேருக்கு நேர் மோதிக்கொண்டது மாதிரி நினைத்துக்கொள்கிறார். நடப்பது அது இல்லை.

சூரியனை ஒரு கடுகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கடுகு கிட்டத்தட்ட 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்! இவ்வளவு இடைவெளியில் நட்சத்திரமும் நட்சத்திரமும் மோதுவது மிக மிக அபூர்வம். மோதுபவை நடுவில் பரவிக் கிடக்கும் வாயு மேகங்கள்தான். அவை நெருக்கப்பட்டு, தங்கள் ஈர்ப்பாலேயே சுருங்கி, புது நட்சத்திரங்களாக மாறுகின்றன.

இதற்கு நல்ல உதாரணம் ஆன்டெனா கேலக்ஸிகள். 1785ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த ஜோடி இது. பூச்சியின் மீசை போல இரண்டு நீண்ட வால்கள் இதற்கு உண்டு. ஒன்றையொன்று ஈர்த்து இழுத்ததால் வந்த வால்கள்தான் அவை என்று 1972ல் டூம்ரே சகோதரர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1997ல் வெளியான ஹப்பிள் படத்திலோ 1000க்கும் மேற்பட்ட இளம் நட்சத்திரக் கொத்துகள்!

அப்படியானால் மோதல் நல்லதா? அதுவும் பாதி உண்மைதான். வாயு என்பது ஒரு கேலக்ஸியின் கையிருப்பு. நம் பால்வெளி வருடத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் அளவு வாயுவை மட்டும் நட்சத்திரமாக்கி, சிக்கனமாகக் காலம் தள்ளுகிறது. ஆன்டெனாவோ அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் செலவழிக்கிறது. போதாக்குறைக்கு, அதில் பிறக்கும் பெரிய நட்சத்திரங்கள் சீக்கிரமே வெடித்து மிச்ச வாயுவையும் வெளியே தள்ளுகின்றன. சேமிப்பையெல்லாம் ஒரே கல்யாணத்தில் கொட்டிய வீடு மாதிரி! ஆட்டம் பாட்டம் ஓய்ந்ததும், வயதான சிவந்த நட்சத்திரங்கள் நிறைந்த ஒரு நீள்வட்ட கேலக்ஸிதான் மிஞ்சும்.

ஆண்ட்ரோமீடா நம் பால்வெளியோடு இன்னும் 400 கோடி ஆண்டுகளில் மோதியே தீரும் என்று 2012ல் நாசா அறிவித்தது. 2025ல் வந்த ஆய்வோ, அடுத்த 1000 கோடி ஆண்டுகளுக்குள் மோதும் வாய்ப்பே பாதிக்குப் பாதிதான் என்கிறது. மோதினாலும் மோதாவிட்டாலும், பயமுறுத்தும் தலைப்பை விட்டுவிட்டு எவ்வளவு வாயு இருக்கிறது, எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று எழுதலாமே? ஒரு கேலக்ஸியின் எதிர்காலம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.