மேஜரை எழுதணுமா, வேணாமா?

சித்தி பையன் நேத்து காட்டுப்பாக்கம் வீட்டுக்கு வந்து ஒரு கட்டுரையை நீட்டினான். அமெரிக்க காலேஜ் அப்ளிகேஷனாம். "சின்ன வயசிலிருந்தே கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என் உயிர்"னு முதல் வரி. அடப்பாவி, போன மாசம் வரைக்கும் போரூர் ஏரிக்கரையில பறவை பாத்துக்கிட்டு கிடந்தவன்! கேட்டா, "கன்சல்டன்ட் சொன்னாருண்ணா"ங்கறான்.

இங்கதாங்க எனக்குப் பத்திக்கிட்டு வருது. நம்மூரு இஞ்சினியரிங் கவுன்சலிங்ல கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கட்-ஆஃப் 200க்கு எவ்வளவு, அவ்வளவுதான் பேச்சு. ஏன் இந்த பிராஞ்ச்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. 2018ல ஆன்லைன் வர்றதுக்கு முன்னாடி, கிண்டியில ஸ்கிரீனைப் பாத்து மிச்சமிருந்ததை எடுத்தவன் நான். அதுலயும் ஒரு நியாயம் இருக்கு: கட்டுரை எழுதிக் கொடுக்க ஆளில்லாத கிராமத்துப் பையனும் தப்பிச்சுக்கலாம்.

ஆனா "நீ யாருப்பா?"ன்னு கேக்கற இடத்துலயும் பொய்யா? பிராஞ்ச் வாரியா சீட் குடுக்கற காலேஜ்னா கட்டாயம் எழுதணும், சரி. அமெரிக்க எம்.ஐ.டி.யில (குரோம்பேட்டை இல்லீங்க) முதல் வருஷம் முடிஞ்சுதான் மேஜரே எடுக்கறாங்க. அங்க போய் எதுக்கு இந்தச் சத்தியம்? முடிவு பண்ணலைன்னா பண்ணலைன்னு எழுதறது குத்தமா?

"முதல் வரியை அடிச்சிட்டு ஏரியை எழுதுடா"ன்னு அனுப்பிட்டேன்.

டிஸ்கி: சீட் கிடைக்கலைன்னா சித்திகிட்ட உதை எனக்குத்தான் :-)