டீசல் காருக்கு கேம் ஷாஃப்ட் மாத்தலாமா? கணக்கு போட்டா பதில் தெரிஞ்சிடும்

வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆச்சு. கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு டீசல் ஸ்விஃப்ட் எடுத்தாச்சு. இந்த நேரத்துல, "கேம் ஷாஃப்ட் மாத்து, வால்வ் ஸ்பிரிங் மாத்து, பிக்கப் பிச்சுக்கும்"னு யாராவது ஒருத்தர் சொல்லாம இருக்க மாட்டாங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தினமும் ஆபீஸ் போயிட்டு வர்ற டர்போ டீசல் காருக்கு வால்வ் ட்ரெயினை மாடிஃபை பண்றது இன்ஜினியரிங் கணக்குப்படியும் வீண், பணக் கணக்குப்படியும் வீண். ஆனா அதே வால்வ் ட்ரெயினைப் பராமரிக்கப் போடற காசு உங்களைப் பெரிய செலவுல இருந்து காப்பாத்தும். ஏன்னு பார்ப்போம்.

டீசல்ல காத்து எப்படி உள்ளே போகுது?

இன்ஜினுக்குள்ள காத்து போற கதவு ஒண்ணு, புகை வெளியே வர்ற கதவு ஒண்ணு. அதுதான் வால்வ். அந்தக் கதவைத் திறக்கிறது கேம் ஷாஃப்ட், மூடறது ஸ்பிரிங். நடுவுல ராக்கர், டேப்பட். எல்லாத்தையும் நேரம் தவறாம ஓட்டறது டைமிங் செயின் அல்லது பெல்ட். இந்த மொத்த கூட்டணிக்கும் பேர்தான் வால்வ் ட்ரெயின்.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் காத்தைத் தானா உறிஞ்சணும். அதனால கதவு எவ்வளவு உயரமா, எவ்வளவு நேரம் திறக்குதுங்கறது பவரை நேரடியா மாத்தும். ரேஸ் பைக்குக்கு கேம் மாத்தறதுக்கு இதுதான் காரணம். டர்போ டீசல்ல கதை வேற. அங்கே டர்போ காத்தை அழுத்தி உள்ளே தள்ளுது. எவ்வளவு டீசல் பீய்ச்சணும்னு ஈசியூ முடிவு பண்ணுது. பவரைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது இந்த ரெண்டும்தான்.

ஸ்விஃப்ட் இன்ஜினே இதுக்கு சாட்சி

ஸ்விஃப்ட் டீசல்ல இருந்தது ஃபியட் கம்பெனியோட 1.3 மல்டிஜெட், 1248 சிசி இன்ஜின். 4000 ஆர்பிஎம்ல சுமார் 74 குதிரைத்திறன், 2000 ஆர்பிஎம்ல 190 நியூட்டன் மீட்டர் டார்க். இதே 1248 சிசி இன்ஜின் எர்டிகாவுல சுமார் 89 குதிரைத்திறன் கொடுத்தது. ரெண்டுக்கும் நடுவுல இருந்த முக்கியமான வித்தியாசம் வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ. இன்ஜின் செஞ்சவங்களே கூடுதல் பவருக்கு முதல்ல தேடிப் போனது டர்போவைத்தான்.

இன்னொண்ணு கவனிங்க. 4000 ஆர்பிஎம்ல 74 குதிரைத்திறன்னா, அந்த வேகத்துல டார்க் சுமார் 132 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். நல்ல கேம் போட்டா இந்த மேல் பகுதியில கொஞ்சம் ஏறலாம்தான். ஆனா நீங்க 4000 ஆர்பிஎம்ல எப்போ ஓட்டறீங்க? ஓஎம்ஆர் டிராஃபிக்ல ஊர்ந்து போறப்பவும் சரி, ஜிஎஸ்டி ரோட்டுல சீரா போறப்பவும் சரி, முள்ளு பெரும்பாலும் 1500-க்கும் 2500-க்கும் நடுவுலதான் நிக்கும். அதிக நேரம் வால்வைத் திறந்து வைக்கிற கேம் போட்டா, தினமும் நீங்க பயன்படுத்தற அந்தக் கீழ்ப் பகுதியிலதான் இழுவை குறையும்.

ஆபத்தும் இருக்கு. டீசல்ல கம்ப்ரெஷன் அதிகம். பிஸ்டன் மேலே வர்றப்போ வால்வுக்கும் அதுக்கும் இடையில இருக்கிற இடைவெளி ரொம்பக் கம்மி. லிஃப்டையோ டைமிங்கையோ கொஞ்சம் தப்பாக் கூட்டினா வால்வ் பிஸ்டன்ல இடிக்கும். அப்புறம் ஹெட்டை இறக்கித்தான் ஆகணும்.

அப்போ யாருக்குத்தான் இது தேவை?

தேவைப்படறவங்க உண்டு. அமெரிக்காவுல 1989 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் பிக்கப் டிரக்ல வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர், 12 வால்வ் டீசல் இன்ஜினை எடுத்துக்கங்க. அது 3000 ஆர்பிஎம்மைத் தொடறதுக்கு முன்னாடியே கவர்னர் டீசலைக் குறைச்சுடும். இழுவைப் போட்டிக்குப் போறவங்க கவர்னர் ஸ்பிரிங்கை மாத்தி வேகத்தைக் கூட்டுவாங்க. அந்த வேகத்துல பழைய வால்வ் ஸ்பிரிங்கால வால்வை நேரத்துக்கு மூட முடியாது. பூஸ்ட் அதிகமானா இன்டேக் வால்வை காத்தே தள்ளித் திறக்கப் பார்க்கும். அதனால கெட்டியான ஸ்பிரிங். ஸ்பிரிங் கெட்டியானா அதைத் தாங்கற புஷ் ராடு. ஒரு செலவு அடுத்த செலவைக் கூட்டிட்டு வருது.

அவங்களுக்கு அது போட்டி வண்டி. நீங்க ஸ்பிரிங் மாத்தற அளவுக்கு ஆர்பிஎம்மையும் பூஸ்டையும் ஏத்தவே போறதில்லையே? பிறகு எதுக்கு?

இப்போ பணக் கணக்கு

கேம், ஸ்பிரிங், கேஸ்கெட், ஹெட் இறக்கி ஏத்தற கூலி, ஈசியூ ரீமேப் எல்லாம் சேர்த்து 1.5 லட்சம்னு வைங்க. "மைலேஜும் 5 சதவீதம் கூடும்"னு சொல்றாங்க. அதையும் அப்படியே நம்பிடுவோம்.

வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 20 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய்னா வருஷச் செலவு 55,200 ரூபாய். 5 சதவீத மைலேஜ் கூடினா மிச்சம் சுமார் 2,630 ரூபாய். போட்ட 1.5 லட்சம் திரும்பி வர 57 வருஷம் ஆகும். கார் இருக்காது, நீங்க ரிட்டயர் ஆகியிருப்பீங்க!

பர்சனல் லோன் போட்டுச் செஞ்சா? 14 சதவீத வட்டி, 3 வருஷம்னா மாச இஎம்ஐ சுமார் 5,127 ரூபாய். கட்டி முடிக்கிறப்போ வட்டி மட்டும் 34,500 ரூபாயைத் தாண்டும். அதே 1.5 லட்சத்தை 7 சதவீத எஃப்டியில 5 வருஷம் விட்டா சுமார் 2.1 லட்சம். மாசச் செலவு 30,000 ரூபாய் இருக்கிற ஒருத்தருக்கு 1.5 லட்சம்ங்கறது அஞ்சு மாச அவசர நிதி. வேலை போனா வீட்டு வாடகையைக் கட்டப் போறது அந்தப் பணம்தான், கேம் ஷாஃப்ட் கட்டாது.

இன்ஜின் உடைஞ்சா இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. சாதாரண மோட்டார் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் கவரேஜ்லயே வராது. அதுக்கு மேல, சொல்லாம மாடிஃபிகேஷன் பண்ணியிருந்தா விபத்து க்ளெய்ம்லகூட கேள்வி வரலாம். சட்டமும் இருக்கு. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ விதிக்கலாம். விக்கிறப்போ வாங்க வர்றவர், "இன்ஜின் பிரிச்ச வண்டியா?"ன்னு கேட்டு விலையைக் குறைப்பாரே தவிர, கேமுக்காகக் கூட்டித் தர மாட்டார்.

காசு போட வேண்டிய இடம்

2020-ல பிஎஸ்-6 விதி வந்தப்போ மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. அதனால இன்னிக்கு ரோட்டுல இருக்கிற எந்த ஸ்விஃப்ட் டீசலும் வயசான வண்டிதான். அதுக்கு வேண்டியது இதுதான்:

1. சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாத்துங்க. இந்த இன்ஜின்ல ஹைட்ராலிக் டேப்பட்டும், செயின் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்துலதான் வேலை செய்யுது. ஆயில் கெட்டா ரெண்டும் கெடும்.

2. காலையில ஸ்டார்ட் பண்றப்போ செயின் சத்தம் கேட்டா தள்ளிப் போடாதீங்க. செயின் பல் தாண்டினா வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட் இருக்கிற டீசல் கார்னா, மேனுவல்ல போட்டிருக்கிற கிலோமீட்டர்ல பெல்ட்டை மாத்திடுங்க.

3. பிக்கப் குறைஞ்ச மாதிரி இருந்தா முதல்ல ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இஜிஆர், இன்டேக்ல படிஞ்ச கரி இதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்க. புது பவர் வேணும்னு நினைக்கிற நிறைய பேருக்கு உண்மையில தொலைஞ்சு போன பழைய பவர் திரும்பி வந்தாலே போதும்.

"எனக்கு இது பேஷன் ப்ரோ, கணக்கு பார்க்க முடியாது"ன்னா, அதுக்கும் மரியாதை உண்டு. ஆனா அதை முதலீடுன்னு சொல்லிக்காதீங்க, பொழுதுபோக்குச் செலவுன்னு தனியா எழுதுங்க. அவசர நிதி, டெர்ம் இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் போக மிஞ்சின காசுல, ரோட்டுல ஓட்டாத தனி ப்ராஜெக்ட் வண்டியில பண்ணுங்க. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற கார்ல மட்டும் பரிசோதனை வேண்டாம்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. உங்க கார் சர்வீஸ் பில்லை எடுத்து, கடைசியா ஆயில் மாத்தின தேதியையும் கிலோமீட்டரையும் பாருங்க. தள்ளிப் போயிருந்தா, கேமுக்குன்னு எடுத்து வெச்ச காசுல முதல் செலவு அதுவா இருக்கட்டும்.