யார் செய்த பாவம்?



உதடு பிளந்த குழந்தை ஒன்று பிறந்துவிட்டால், பார்க்கப் போகிறவர்களில் ஒருவராவது அந்தத் தாயிடம், "கிரகணத்தன்று வெளியே போனாயா?" என்று கேட்காமல் திரும்புவதில்லை. கிரகணத்தை நம்பாத நம் சபையாரோ கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள்: "உங்கள் குடும்பத்தில் என்ன சாபம் இருக்கிறது?" முன்னோர் சாபத்தை முறிக்க மூன்று நாள் உபவாசக் கூட்டம் என்று நோட்டீஸ் அச்சடிக்கிற ஊழியர்களும் உண்டு. இரண்டும் பொய். இரண்டாவது பொய் நமது பிரசங்க பீடங்களிலிருந்தே புறப்படுவதால், அதை எதிர்த்து எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு கரு எப்படி உருவம் பெறுகிறது? எந்தச் செல் தலையாக வேண்டும், எது குடலாக வேண்டும் என்பதைச் சமிக்ஞை மூலக்கூறுகள் செல்களுக்கு உணர்த்துகின்றன. அந்தச் சமிக்ஞை உரிய இடத்தில், உரிய நேரத்தில், உரிய அளவில் வரவேண்டும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை வியக்கத்தக்க விதத்தில் காட்டியது. அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள பழ ஈயின் கருவில், இரு முனைகளிலும் எழவேண்டிய சமிக்ஞை மரபுக் குறையினால் எழாமற்போனால், அது பிழைப்பதில்லை. அத்தகைய கருக்களுக்குள் ஒளியை உணரும் ஒரு புரதத்தைப் புகுத்தினார்கள். அந்தப் புரதத்தின் மூலம் ஓட்ஸ் பயிரிலிருந்து வந்தது. பிறகு இரு முனைகளிலும் 90 நிமிடம் நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். சாகவேண்டிய கருக்கள் புழுக்களாக வெளிவந்தன, ஈக்களாயின, அந்த ஈக்கள் இனப்பெருக்கமும் செய்தன. அதே குழுவினரின் 2017-ஆம் ஆண்டு ஆய்வில், அந்தச் சமிக்ஞையை ஒளியால் கருவின் நடுப்பகுதியில் எழுப்பியபோது வளர்ச்சி சீர்குலைந்தது.

மனிதன் தேவனுடைய வேலையில் கைவைக்கிறான் என்று இங்கே கொதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஈயின் முட்டை. தாயின் கர்ப்பம் அல்ல. ஒளியையும் ஓட்ஸையும் அந்த ஆய்வாளர்கள் உண்டாக்கவில்லை. நமக்குத் தெரியாத இடத்தில் மாத்திரம் தேவன் குடியிருக்கிறார் என்று நம்புகிறவனே, ஒன்று தெரியவரும்போதெல்லாம் நடுங்குகிறான்.

இனி அந்த இரு கேள்விகளுக்கு வருவோம். ஈயின் கரு ஒளிக்குக் கீழ்ப்படிந்தது, அந்த ஒளியுணர் புரதம் புகுத்தப்பட்டதனால்தான். மனுஷக் கருவில் அந்தப் புரதம் இல்லை. ஆகவே கிரகணத்தின் வெளிச்சமோ நிழலோ ஒரு பிள்ளையின் உதட்டைப் பிளக்க வழியில்லை. சாபம் பேசுகிறவர்கள் எனக்கு ஒன்றைச் சொல்லட்டும்: எந்த மூதாதை ஈயின் அக்கிரமம் 90 நிமிட ஒளியில் நிவிர்த்தியாயிற்று?

ஈ வேறு, மனிதன் வேறு என்பீர்கள். அந்த ஆய்வில் ஒளியால் இயக்கப்பட்ட சமிக்ஞைப் பாதை நம் உடலிலும் இருக்கிறது. அதைச் சேர்ந்த மரபணுக்களில் உண்டாகும் மாற்றமே நூனன் நோய்க்குறிக்குக் காரணம். இருதயக் குறையும் குட்டையான வளர்த்தியும் முக வேறுபாடும் அதன் அடையாளங்கள். தாயிடமும் தகப்பனிடமும் இல்லாத அந்த மாற்றம் பிள்ளையிடத்தில் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. அப்போது எந்த முன்னோரை அழைத்துவந்து விசாரிப்பீர்கள்?

அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியில், சினையான 14-ஆம் நாளில் கார்ன் லில்லி என்ற காட்டுச்செடியை மேய்ந்த ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. முகத்தை வலம் இடமாகப் பிரிக்கும் சமிக்ஞையை அச்செடியிலுள்ள நச்சுப்பொருள் தடுக்கிறது. அந்த ஆடுகள் எந்தக் கட்டளையை மீறின? ஆனால் இதை வாசித்துவிட்டு, "அப்படியானால் அவள் என்னத்தைத் தின்றாள்?" என்று புதிய விசாரணையைத் தொடங்கிவிடாதிருங்கள். பெரும்பாலான பிறவிக் குறைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவர்களாலேயே சுட்டிக்காட்ட முடிவதில்லை.

யாத்திராகமம் 20-ஐ எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எசேக்கியேல் 18-ஐயும் வாசிக்கட்டும். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இதே கேள்வியைத்தான் ஆண்டவரிடம் கேட்டார்கள். அவனும் காரணமல்ல, பெற்றோரும் காரணமல்ல என்று அவர் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததை அவருடைய பெயராலேயே பிரசங்கிப்பது எப்பேர்ப்பட்ட துணிகரம்!

அண்ணமும் பிளந்த குழந்தையால் பாலை இழுத்துக் குடிக்க இயலாது. ஒவ்வொரு வேளையும் பீய்ச்சி, கிண்ணத்திலோ கரண்டியிலோ சிறிது சிறிதாகப் புகட்டவேண்டும், இரவிலும் அப்படியே. உதட்டு அறுவைக்குச் சில மாதங்கள் காத்திருக்கவேண்டும். அண்ண அறுவை அதற்கும் பின்னர்தான். சாபம் முறிக்கப் புறப்படுகிற சகோதரிகள், அந்த வீட்டில் ஓர் இரவு விழித்திருந்து பால் புகட்டிவிட்டு வரட்டும்.