மேகம் எங்கே இருக்கிறது?



"பிள்ளையின் ஞானஸ்நானப் படங்களைக் கிளவுடில் வைத்திருக்கிறோம்" என்று பெற்றோர் கூறக் கேட்கிறோம். கிளவுட் என்றால் மேகம். இம்மேகம் யாது?

பெயர்தான் மேகம், அது மண்ணில் நிற்கும் கட்டடமே. அங்கே ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாய் இயங்குகின்றன. நம் கைப்பேசி இணையத்தின் வழியே படங்களை அங்கு அனுப்புகிறது. வேண்டும்போது திரும்பப் பெறுகிறது. ஓரளவுவரை இலவசமாகவும், அதற்கு மேல் வாடகைக்கும் இடம் தருவர். மின்சாரத்தைப் போல, பயன்படுத்தும் அளவிற்கே கட்டணம் செலுத்தும் முறையும் உண்டு. அமேசான் நிறுவனம் 2006-இல் இத்தகைய சேவையைத் தொடங்கியது.

ஆயினும் கட்டடம் கட்டடமே. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் இத்தகைய ஐந்து மாடி நிலையம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் பிரதி வைத்திராதோர் பலர் தம் பதிவுகளை மீட்க இயலாது இழந்தனர்.

திருச்சபை இவ்விவேகத்தை முன்பே கைக்கொண்டிருந்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானப் பதிவேட்டின் பிரதியை ஆண்டுதோறும் ஆயரகத்திற்கு அனுப்புமாறு பங்குக் குருக்களைப் பணித்தது. ஒன்று அழியினும் மற்றொன்று நிற்குமன்றோ?

ஆதலின் பெற்றோரே, மேகத்தில் வைத்ததோடு அமையாது, வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். அதன் கடவுச்சொல்லைக் கணவனும் மனைவியும் அறிந்திருங்கள். இறைவன் அளித்த நினைவுகளைக் காப்பதும் நம் கடமையே.