ஒரே வளையத்தில் கங்கையும் பழையனூரும்



இந்த இதழ் முழுக்க இந்தியாவின் நிலம்தான்: இமயம், தார், தக்காணம், இரு பக்கக் கடற்கரை. இத்தனை பெரிய நாட்டை எங்கே நின்று பார்க்கத் தொடங்குவது என்று பேச்சு வந்தபோது நான் சொன்ன பெயர் திருவாலங்காடு. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் மணவூருக்கு அடுத்த நிறுத்தம். காரைக்கால் அம்மையார் பாடிய ஊர், நடராசரின் இரத்தின சபை இருக்கும் ஊர். நான் அதைச் சொன்னதற்குக் காரணம், 1905இல் அங்கே கிடைத்த செப்பேடுகள்.

31 ஏடுகள், ஒரே வளையத்தில் கோத்துச் சோழ முத்திரை இட்டவை. முதலாம் இராசேந்திரன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம் அது. அதன் வடமொழிப் பகுதியில் கங்கைப் படையெடுப்பு வருகிறது. வழியில் குறுக்கிட்ட ஆறுகளில் யானைகளைப் பாலமாக நிறுத்திப் படை கடந்ததாம். தமிழ்ப் பகுதியிலும் யானை உண்டு. ஒரு பெண் யானையை நடத்திக்கொண்டு பழையனூரைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் நீளமும் ஒரு கிராமத்தின் வரப்பும் ஒரே கட்டில் கிடக்கின்றன. நிலத்தைப் படிப்பதென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வடக்கே போன படைக்கு ஏன் அத்தனை ஆறுகள்? தக்காணம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்து கிடக்கிறது. நாசிக் பக்கம் திரியம்பகத்தில், அரபிக் கடலுக்குச் சுமார் 80 கி.மீ. தொலைவிலேயே பிறக்கும் கோதாவரி, அந்தக் கடலை விட்டுவிட்டு 1,465 கி.மீ. ஓடி வங்கக் கடலுக்கு வருகிறது. கிருஷ்ணாவும் மகாநதியும் பெண்ணாறும் போய்ச் சேர்வதும் இதே கடலில்தான். கடலோரமாக வடக்கே போகிறவர்கள் ஒவ்வொன்றாக இறங்கி ஏறியே தீர வேண்டும். இந்த ஆறுகள் அறுத்ததில்தான் கிழக்குத் தொடர்ச்சி மலை துண்டு துண்டாக நிற்கிறது.

அதன் ஒரு துண்டு நம் கண்ணெதிரே இருக்கிறது. திருத்தணி மலையில் 365 படி ஏறி வடக்கே பாருங்கள், நகரி மலை. அதில் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறையைப் பழவேற்காட்டுக் கடலில் வந்த மாலுமிகள் அடையாளமாக வைத்திருந்தார்கள். உச்சியில் செங்குத்தாக நிற்பது குவார்ட்சைட்: பழங்கால மணல் படிந்து, அழுந்தி, இறுகிய கல். 100 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. இமயம் எழத் தொடங்கியதே சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

இந்த வட்டாரத்துக் குவார்ட்சைட்டில்தான் அத்திரம்பாக்கத்து ஆதி மனிதர்கள் கைக்கோடரி செய்தார்கள். இரு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, ஒரு முனையைக் கூராக்கி, அடியை உள்ளங்கைக்குப் பொருந்த உருண்டையாக விட்டிருப்பார்கள். 1863இல் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்ட இடம் அது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் அகழாய்வு அங்குள்ள கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது சொன்னது.

1960 ஏப்ரல் 1இல் திருத்தணி, அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நகரி ஆந்திரத்தில் நின்றது. ஆனால் ஆறுகளுக்கு அந்த எல்லை தெரியாது: நகரி ஆறும் நந்தி ஆறும் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, பூண்டியில் தேங்கி, எண்ணூரில் கடலைத் தொடுகின்றன. மழைக்காலம் போனால் கொசஸ்தலை வெறும் மணல்தான். ஆனால் அந்த மணல் பிடித்து வைக்கும் நீரை நம்பித்தான் கரையோரக் கிணறுகள் இருக்கின்றன, கிணறுகளை நம்பிக் கரும்பும் நெல்லும் இருக்கின்றன. மணலை வாரிக்கொண்டு போனால் ஆறு மட்டும் போகாது, கிணறும் சேர்ந்து போகும். இதைச் சொல்லாமல் நில அமைப்பு பற்றி ஓர் இதழ் போட எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே கட்டுரையாளர்கள் உங்களை லடாக் வரைக்கும் கூட்டிப்போவார்கள். படித்து முடித்தபின், உங்கள் ஊர் மலை, ஓடை, ஏரி ஏதாவது ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. அடுத்த இதழில் அதற்கென்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்