பழைய புல்லட்டுக்கு ஒரிஜினலா, லோக்கலா? டப்பாவைப் பார்த்து ஏமாறாதீங்க!

சாயங்காலம் 6 மணி. திருவொற்றியூர் நெடுஞ்சாலை. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிப் போகின்றன. நடுவே "டுப்... டுப்..." என்று வருகிறது ஒரு பழைய புல்லட். ஓட்டி வந்தவர் ஒரு குமாஸ்தா. வண்டி அவருடைய அப்பா வாங்கியது.

திடீரென்று என்ஜின் பிடித்துக் கொண்டது! பின் சக்கரம் சுற்றவில்லை. வண்டி வழுக்கிச் சாய்ந்தது. பின்னால் வந்த லாரி டிரைவர் சமயத்தில் பிரேக் போட்டதால் தலை தப்பியது. கை எலும்பு முறிந்தது.

பட்டறையில் என்ஜினைப் பிரித்தார்கள். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது. போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. டப்பாவில் கம்பெனி பெயர் பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்ததோ போலிச் சரக்கு!

"கம்பெனி அயிட்டம்தான் சார், உங்களுக்காகக் குறைச்சுத் தர்றேன்" என்று கடையில் சொன்னார்களாம். பில் கேட்டாரா? கேட்கவில்லை. மிச்சமானது சில நூறு ரூபாய். ஆஸ்பத்திரிக்கும் பட்டறைக்கும் அழுதது பல ஆயிரம்!

மூணு வகை 'ஒரிஜினல்'

புல்லட் நம்ம ஊர் வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டு சேர்ந்தது. திருவொற்றியூரில் வண்டி தயாரானது. இங்கிலாந்தில் 1970-ல் உற்பத்தி நின்று போனது. இங்கே நிற்கவில்லை. ஆனால் அந்தப் பழைய வார்ப்பிரும்பு என்ஜின் இப்போது தயாரிப்பில் இல்லை. எல்லாப் பாகமும் கம்பெனி டப்பாவில் கிடைப்பதில்லை.

அதனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் ஓடுகிறார்கள். அங்கே 'ஒரிஜினல்' என்ற ஒரே வார்த்தைக்கு மூன்று அர்த்தம் உண்டு. ஒன்று, உண்மையான கம்பெனி சரக்கு. இரண்டு, பழைய வண்டியில் இருந்து கழற்றிய சரக்கு. மூன்று, டப்பா மட்டும் ஒரிஜினல், உள்ளே டூப்ளிகேட்!

நல்ல வியாபாரி இது எந்த வகை என்று வாய் விட்டுச் சொல்லி விடுவார். சொல்லாதவரிடம்தான் வம்பு.

லோக்கல் என்றால் மட்டமா?

இல்லவே இல்லை. வண்டிக் கம்பெனி எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. பிஸ்டன் ஒரு ஆலை, ரிங் ஒரு ஆலை, வால்வு ஒரு ஆலை என்று வெளியில் வாங்கித்தான் வண்டி கட்டுகிறார்கள். சென்னை செம்பியத்திலேயே 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் ஆலை இருக்கிறது. பெயர் உள்ள ஆலை தன் சொந்த டப்பாவில், தன் சொந்தப் பெயரில் விற்கும் பாகத்தை மட்டம் என்று ஒதுக்குவது அறியாமை.

ஆக, சண்டை ஒரிஜினலுக்கும் லோக்கலுக்கும் அல்ல. நிஜத்துக்கும் போலிக்கும்தான்!

எதில் கஞ்சத்தனம் கூடாது?

பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு, வால்வு, பேரிங். இந்த ஐந்திலும் காசு பார்க்கவே கூடாது.

காரணம் இருக்கிறது. 350 புல்லட்டின் சிலிண்டர் குறுக்களவு 70 மில்லிமீட்டர். சிலிண்டர் வார்ப்பிரும்பு. பிஸ்டன் அலுமினியம். சூடு ஏறினால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதைக் கட்டுப்படுத்தத்தான் நல்ல ஆலைகள் சிலிக்கான் கலந்து வார்க்கின்றன. போலி ஆசாமிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உடைந்த பாத்திரம், பழைய இரும்புக் கடைச் சரக்கு எதையும் உருக்கி ஊற்றுவான். விரியும்போது பிடித்துக் கொள்ளும்!

அப்படிப் பிடித்தால் உடனே கிளட்சை அமுக்க வேண்டும். பின் சக்கரம் விடுபடும். பழைய வண்டி வைத்திருப்பவர் எல்லோரும் இதை மனசில் எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்.

கழற்றிய சரக்கிலும் பேதம் உண்டு. கிராங்க் கேஸ், கவர் போன்ற வார்ப்புகள் விரிசல் இல்லாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஓடித் தேய்ந்த பழைய பிஸ்டனை 'அசல்' என்று பூஜை செய்வது பைத்தியக்காரத்தனம். தேய்ந்த அசலைவிடப் புதிய நல்ல லோக்கல் எவ்வளவோ மேல்.

சில இடத்தில் மாற்றுப் பாகமே அசலை ஜெயிக்கிறது. பழைய புல்லட்டின் கனெக்டிங் ராடு அடியில் இருந்தது மிதக்கும் புஷ். ஆயில் குறைந்தால் அது போச்சு. அதற்குப் பதில் ரோலர் பேரிங் வைத்த ராடு வெளியில் கிடைக்கிறது. தினம் ஓட்டுகிறவர்களுக்கு அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள்.

50 வயது வண்டியா?

அப்படியானால் கணக்கு வேறு. 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் உருவத்தில் இருக்கும் வண்டிக்குப் பழம்பெரும் வண்டி என்று தனி நம்பர் தரலாம். ஆனால் அதைத் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம் என்றுதான் எடுக்கலாம்.

ஆகவே வண்டிக்காரர் முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஷோவுக்கா, ஆபீசுக்கா? ஷோவுக்கு என்றால் அலைந்து திரிந்தாவது அசல் தேட வேண்டியதுதான். ஆபீசுக்கு என்றால் பெயர் உள்ள ஆலையின் சரக்கு போதும். கழற்றிய அசல் பாகத்தைத் தூக்கி எறியாமல் எண்ணெய் தடவிக் கட்டி வைத்தால் பிற்காலத்தில் உதவும்.

பில் எங்கே?

அந்தக் குமாஸ்தா கையில் பில் இருந்திருந்தால் கடைக்காரர் சட்டையைப் பிடித்திருக்கலாம். பில் இல்லை. வாயடைத்து நிற்கிறார்.

போலிப் பெயர் ஒட்டி விற்பது விளையாட்டு அல்ல. 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். செய்தவனுக்கு மட்டும் அல்ல, தெரிந்தே விற்றவனுக்கும்தான். நுகர்வோர் கமிஷனிலும் வழக்குப் போடலாம். ரூ.5 லட்சம் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம்கூட இல்லை.

சட்டம் இருக்கிறது. சோதனை எப்போதோ ஒரு நாள் நடக்கிறது. நாலு கடையில் டப்பாவைப் பறிமுதல் செய்து போட்டோ எடுப்பதோடு நிற்கக் கூடாது. டப்பா அச்சடிக்கிற இடத்துக்கும் உலோகம் உருக்குகிற கொட்டகைக்கும் போலீசார் போக வேண்டும். நேர்மையாக விற்கும் வியாபாரிகளும் சும்மா இருக்கக் கூடாது. போலிக்காரனால் கெட்டுப் போவது அவர்கள் பெயரும்தான்.

மெக்கானிக்குகளுக்கும் ஒரு வார்த்தை. மாட்டுவதற்கு முன்னால் பிஸ்டனையும் சிலிண்டரையும் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். "அண்ணே, இது சரியில்லை, மாத்திட்டு வாங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. ஒரு குடும்பம் பிழைக்கும்.

வாங்குகிறவர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. "எந்த ஆலைச் சரக்கு? பில் தர்றீங்களா?"

பதில் வராவிட்டால், அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கிறது!