"இன்னும் ஒரே ஆட்டம், அம்மா!"

இரவு 9 மணி. தட்டில் சோறு ஆறுகிறது.

"சாப்பிட வாடா!" என்று தாயார் கூப்பிடுகிறார்.

"இதோ வந்துட்டேன்மா! இன்னும் ஒரே ஆட்டம்!" என்கிறான் மகன். கண் செல்போனில். காதில் ஒலிக்கருவி.

அரை மணி நேரம் ஆகிறது. தாயார் மறுபடியும் கூப்பிடுகிறார். மறுபடியும் அதே பதில்.

தகப்பனாருக்குக் கோபம் வருகிறது. எழுந்து போய் செல்போனைப் பிடுங்குகிறார். பையன் கத்துகிறான், அழுகிறான். சோறு தட்டிலேயே கிடக்கிறது.

இது ஒரு வீட்டில் நடப்பது அல்ல. பல வீடுகளில் நடப்பது. பல நாடுகளில் நடப்பது.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தத் துப்பாக்கி ஆட்டத்தில்? சுடுவதும் சாவதும்தானே? அதை ஏன் நூறு தடவை, ஆயிரம் தடவை ஆடவேண்டும்?

"ரத்த வெறி" என்கிறார்கள் சிலர். "சோம்பேறித்தனம்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் சரி அல்ல. காரணம் வேறு.

100 பேர் குதிக்கிறார்கள்

இந்த ஆட்டங்களில் இந்தியாவில் பெயர் பெற்றது "பப்ஜி". அதை ஆடுவது எப்படி?

விமானம் ஒன்று ஒரு தீவின் மேல் பறக்கிறது. அதில் 100 பேர் இருக்கிறார்கள். எல்லோரும் பாராசூட்டில் குதிக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லை. தீவில் காலி வீடுகள் இருக்கின்றன. அவற்றில் துப்பாக்கி, தலைக்கவசம், மருந்து எல்லாம் கிடக்கும். தேடி எடுக்கவேண்டும். எதிரில் வருகிறவனைச் சுடவேண்டும்.

தீவைச் சுற்றி ஒரு வட்டம் உண்டு. அது சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நின்றால் உயிர் போகும். ஆகவே எல்லோரும் உள்ளே வந்தாகவேண்டும். கடைசியில் உயிரோடு நிற்பவர்தான் வெற்றி பெற்றவர். தனியாகவும் ஆடலாம். 4 பேர் ஓர் அணியாகச் சேர்ந்தும் ஆடலாம். ஓர் ஆட்டம் முடியச் சுமார் அரை மணி நேரம் ஆகும்.

இதை உருவாக்கியவர் பிரெண்டன் கிரீன். அயர்லாந்து நாட்டுக்காரர். "பேட்டில் ராயல்" என்ற ஜப்பானியப் படம் 2000-ம் ஆண்டு வெளிவந்தது. ஒரு தீவில் மாணவர்களை விட்டு, ஒருவர் மிஞ்சும் வரை மோதவிடும் கதை. அதில் இருந்துதான் கிரீனுக்கு இந்த யோசனை பிறந்தது. தென்கொரியாவில் உள்ள ஒரு கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது. 2017-ம் ஆண்டு மார்ச் மாதம் ஆட்டம் வெளிவந்தது.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2018-ம் ஆண்டு ஜனவரியில், ஒரே சமயத்தில் 32 லட்சம் பேருக்கு மேல் கம்ப்யூட்டரில் இதை ஆடினார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் செல்போனுக்கும் வந்துவிட்டது. அதுவும் இலவசமாக!

99 பேர் தோற்கிறார்கள்

ஒரு கணக்கைப் பாருங்கள். தனியாக ஆடினால், 100 பேரில் ஜெயிப்பது ஒருவர். தோற்பது 99 பேர்.

100 பேர் சாப்பிட வந்து 99 பேர் முகம் சுளித்துப் போகும் ஓட்டல் எத்தனை நாள் நடக்கும்? மறுவாரமே பூட்டவேண்டியதுதான். ஆனால் இங்கே தோற்ற 99 பேரும் உடனே அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிற்கிறார்கள்!

ஏன்? அவர்களை 4 கயிறுகள் கட்டி இழுக்கின்றன.

முதல் கயிறு: கை தேறுகிறது

பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதினால் மதிப்பெண் வர நாள் ஆகும். இந்த ஆட்டத்தில் ஒரு வினாடியில் தெரிந்துவிடும். குறி தப்பினால் உடனே தெரியும். பட்டாலும் உடனே தெரியும்.

நேற்று 60-வது ஆளாகச் செத்தவன், இன்று 12-வது ஆளாகச் சாகிறான். அவனுக்கு அது தோல்வி அல்ல, முன்னேற்றம். மூன்றாவதாக வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "மயிரிழையில் தப்பிவிட்டது" என்று துடிப்பான். எளிதாக ஜெயித்தவனைவிட, மயிரிழையில் தோற்றவனே அடுத்த ஆட்டத்துக்கு அவசரப்படுவான்.

எதிராளியைத் தேர்ந்தெடுப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. புதிதாகக் கபடி ஆட வந்தவனை மாநில வீரர்களோடு மோதவிட்டால் மறுநாள் வருவானா? வரமாட்டான். அதனால் பல ஆட்டங்களில் சம பலம் உள்ளவர்களையே கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கிறது.

இந்தக் கணக்குக்கு முன்னோடி சதுரங்கம்தான். அர்பாட் எலோ என்ற பேராசிரியர், சதுரங்க வீரர்களின் திறமையை எண்ணால் அளக்க ஒரு முறை வகுத்தார். 1970-ம் ஆண்டு உலகச் சதுரங்கச் சம்மேளனம் அதை ஏற்றுக்கொண்டது. அதே வழியில் பிறந்த கணக்குகள்தான் இன்று துப்பாக்கி ஆட்டத்திலும் வேலை செய்கின்றன.

சில சமயம் எதிரில் இருப்பது ஆளே அல்ல. கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கும் பொம்மை! புதியவர்கள் சுட்டுப் பழகட்டும் என்று, பப்ஜியின் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் 2020-ம் ஆண்டு இந்தப் பொம்மைகளைச் சேர்த்தார்கள்.

இரண்டாவது கயிறு: தன் இஷ்டம்

14 வயதுப் பையனின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். எழுந்திருக்கும் நேரம், உடுத்தும் உடை, படிக்கும் பாடம் எல்லாம் பிறர் சொல்வது. எங்கே குதிப்பது, எந்தத் துப்பாக்கியை எடுப்பது, ஒளிவதா, பாய்வதா? இந்த முடிவுகள் மட்டும் அவனுடையவை. அந்த அரை மணி நேரத்துக்கு அவனே ராஜா.

மூன்றாவது கயிறு: கூட்டாளிகள்

பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரியாத கயிறு இதுதான்.

அணியாக ஆடும்போது 4 பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே ஆடுகிறார்கள். ஒருவன் அடிபட்டு விழுந்தால் உடனே சாவதில்லை. கூட்டாளி பக்கத்தில் வந்து சில வினாடி நின்றால், எழுப்பிவிடலாம். அதற்குள் எதிரி வந்தால் இருவருக்கும் ஆபத்து. நம்பி ஓடி வரவேண்டும்.

"சாப்பிட வா" என்று தாயார் கூப்பிடும் நேரத்தில், மூன்று பேர் அவனை நம்பி அந்தத் தீவில் நிற்கலாம். அவன் எழுந்தால் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மறுநாள் வகுப்பில், "பாதியில் ஓடியவன்" என்று பேசுவார்கள். அவன் தாயை மதிக்காமல் உட்கார்ந்திருக்கவில்லை. நண்பர்களைக் கைவிட மனம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான்.

ரத்தம் காரணமா?

இந்த மூன்று கயிறுகளும் கட்டுக்கதை அல்ல. ரிச்சர்டு ரையன் என்ற அமெரிக்க மனநூல் அறிஞரும், அவரோடு சேர்ந்தவர்களும் 2006-ம் ஆண்டு இதைப்பற்றி ஆராய்ச்சி வெளியிட்டார்கள். திறமை வளர்கிற உணர்வு, தன் இஷ்டப்படி நடக்கிற உணர்வு, பிறரோடு சேர்ந்திருக்கிற உணர்வு - இவையே ஆட்டக்காரரை இழுக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள்.

2009-ம் ஆண்டு மற்றோர் ஆராய்ச்சி செய்தார்கள். ஒரே துப்பாக்கி ஆட்டத்தை இரண்டு விதமாக மாற்றினார்கள். ஒன்றில் ரத்தம் தெறிக்கும். மற்றொன்றில் அடிபட்டவர் மெதுவாக மேலே மிதந்து மறைந்துவிடுவார். ரத்தத்தால் மகிழ்ச்சி கூடியதா? கூடவில்லை. ஆட்டம் தரும் சவாலும் சுதந்திரமுமே மகிழ்ச்சி தந்தன.

ஆக, பையனைப் பிடித்திருப்பது ரத்த வெறி அல்ல. கபடியிலும் கேரம் பலகையிலும் கிடைக்கிற அதே ஆசைதான். ஆனால் ஒரு வித்தியாசம். மைதானத்தில் இருட்டினால் ஆட்டம் நிற்கும். செல்போனில் இருட்டுவதே இல்லை!

நான்காவது கயிறு: கம்பெனியின் கயிறு

முதல் மூன்று கயிறுகளும் மனித இயல்பு. நான்காவது கயிறு வியாபாரம்.

2007-ம் ஆண்டு "கால் ஆப் டியூட்டி 4" என்ற ஆட்டம் வந்தது. அதில் எதிரியைச் சுட்டு வீழ்த்தினால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் பதவி உயர்வு. மொத்தம் 55 படிகள். படி ஏறினால் புதுத் துப்பாக்கி கிடைக்கும். ஆட்டத்தில் தோற்றாலும் புள்ளி மட்டும் ஏறும்! மற்றக் கம்பெனிகளும் இந்த ஏணியைத் தங்கள் ஆட்டங்களில் வைத்தன.

அடுத்து வந்தது பரிசுப் பெட்டி. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. காசு கொடுத்துத் திறக்கவேண்டும். ஒரு தடவை சாதாரணத் தொப்பி. ஒரு தடவை அபூர்வமான சட்டை.

இதன் சூட்சுமம் பழையது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க அறிஞர் புறாக்களைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தார். 1957-ம் ஆண்டு அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். புறா ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். எத்தனை கொத்துக்கு ஒரு தடவை விழும் என்று தெரியாதபடி வைத்தால், புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. லாட்டரிச் சீட்டு வாங்குபவரை இழுப்பதும் இதே ஆசைதான்.

"ஓவர்வாட்ச்", "கவுன்டர் ஸ்டிரைக்" ஆகிய துப்பாக்கி ஆட்டங்களில் இருந்த பரிசுப் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் நாடு 2018-ம் ஆண்டு அறிவித்தது.

மூன்றாவது தந்திரம், "சீசன்". சில வாரங்களுக்கு ஒரு சீசன். அதற்குள் ஆடிச் சேர்த்தால்தான் அந்த உடை கிடைக்கும். தவறினால் போயிற்று. ஆசைக்குப் பதில் பயத்தை வைத்து இழுக்கும் வேலை இது.

ஆட்டம் இலவசம், லாபம் எங்கே இருந்து? "போர்ட்நைட்" என்ற இலவச ஆட்டம், 2018, 2019 ஆகிய 2 ஆண்டுகளில் 900 கோடி டாலருக்கு மேல் வருமானம் ஈட்டியது. அந்த ஆட்டத்தில் உடை வாங்குவதால் குண்டு கூடுதலாகப் பாயாது. உயிரும் கூடாது. அழகு மட்டும்தான்! பொத்தான்களைக் குழப்பமாக வைத்து, வேண்டாத பொருளை வாங்கவைத்தார்கள் என்று அமெரிக்க அரசாங்கம் அந்தக் கம்பெனி மீது குற்றம் சாட்டியது. 2022-ம் ஆண்டு டிசம்பரில், ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தருவதற்காக 24 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

அரசாங்கங்கள் போட்ட பூட்டு

தென்கொரியா 2011-ம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் ஆட்டம் ஆடக்கூடாது என்றது. பிள்ளைகள் கம்ப்யூட்டரை விட்டுச் செல்போனுக்கு மாறிவிட்டார்கள். 2021-ம் ஆண்டு அந்தச் சட்டத்தைக் கைவிட முடிவு செய்தார்கள்.

சீனா 2021-ம் ஆண்டு இன்னும் கடுமையான பூட்டைப் போட்டது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் ஆடலாம். அதுவும் இரவு 8 மணி முதல் 9 மணி வரைதான்.

இந்தியாவில் 2020-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி பப்ஜி தடை செய்யப்பட்டது. காரணம், நாட்டின் பாதுகாப்பு. அடுத்த ஆண்டே வேறு பெயரில் இந்தியாவுக்கு என்று ஓர் ஆட்டம் வந்தது. 2022-ல் அதுவும் நிறுத்தப்பட்டது. 2023-ம் ஆண்டு மே மாதம் கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 3 மணி நேரம் என்று எல்லை வைத்தார்கள்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிறைவேற்றியது. ஆனால் திறமையைக் காட்டும் மின்னணு விளையாட்டுப் போட்டிகளுக்கு அதே சட்டம் அங்கீகாரம் கொடுத்திருக்கிறது.

நோய் எப்போது?

நிறைய ஆடுகிறவர் எல்லோரும் நோயாளிகள் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டு இதற்கு இலக்கணம் வகுத்தது. அடையாளங்கள் மூன்று. ஆட்டத்தை நிறுத்த முடியாமை. உணவு, படிப்பு, உறவு எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிது ஆகிவிடுவது. கெடுதல் வந்த பிறகும் விடாமல் ஆடுவது. இவை பொதுவாக ஓர் ஆண்டு நீடித்தால், அது நோய். அப்போது திட்டிப் பயன் இல்லை. மனநல மருத்துவரிடம் காட்டவேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

எந்தக் கயிறு என்று தெரிந்தால் முடிச்சை அவிழ்க்கலாம்.

"10 நிமிடத்தில் முடி" என்று சொல்லாதீர்கள். ஆட்டம் 10 நிமிடத்தில் முடியாது. "இரண்டு ஆட்டம்" என்று தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஆட்ட நடுவில் செல்போனைப் பிடுங்காதீர்கள். மூன்றாவது ஆட்டம் தொடங்கவும் விடாதீர்கள்.

பணம் செலுத்தும் ரகசிய எண் பெற்றோரிடமே இருக்கட்டும். படுக்கும் அறைக்குள் செல்போன் போகவேண்டாம்.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். யாரோடு பேசுகிறான், எதற்குச் சிரிக்கிறான், எதற்கு வாடுகிறான் என்று தெரியும். கூட்டாளிகளுக்காக ஆடுகிறவனுக்கு வேண்டியது மாலையில் ஒரு மைதானம். கை தேறுவதற்காக ஆடுகிறவனுக்கு வேண்டியது, "நன்றாகச் செய்தாய்" என்ற ஒரு சொல். அந்தச் சொல் வீட்டில் கிடைக்காததால்தான், சில பிள்ளைகள் அதைத் தேடித் தீவுக்குப் போகிறார்கள்.

இரவு 9 மணி. "டேய், இந்த ஆட்டம் முடிந்ததும் வந்துவிடு. எல்லோரும் உனக்காக உட்கார்ந்திருக்கிறோம்" என்று தாயார் சொல்லிப் பார்க்கட்டும். அந்தத் தீவில் மூன்று பேர் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். வீட்டிலும் காத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவேண்டும்.